கண்ணாடி கழன்ற பிறகு

கண்ணைப் பற்றி வரலாறு எழுதினால் இப்னு அல் ஹைதமில் தொடங்குவது எங்கட கல்முனைப் பக்கப் பழக்கம். இந்த முறை அவருக்கு லீவு கொடுப்போம்.

"லேசர் செஞ்சாச்சு, கண்ணாடி போயிட்டு, கண் சரி" என்று ஊரில் கேட்டிருப்போம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைத்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண கண் முன்னிருந்து பின்னுக்கு ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். கடுமையான குறும்பார்வையில் அது 26ஐத் தாண்டி நீளும். சிலருக்குப் பின்சுவர் புடைத்தும் போகும். இத்தாலியர் ஸ்கார்ப்பா 1801இல் இந்தப் புடைப்பை எழுதியது இறந்தவர்களின் கண்ணை வைத்து; குறும்பார்வையோடு அவர் அதை முடிச்சுப் போடவில்லை. உயிருள்ள கண்ணின் விழித்திரையைப் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கொடுத்தார். 1977இல் கர்ட்டின் புடைப்புகளைப் பத்து வகையாகப் பிரித்தார்.

சிக்கல் என்னண்டா, வழமையான விழித்திரைப் படம் 50 பாகை அளவையே பிடிக்கும். பெரிய புடைப்பின் விளிம்பு அதற்கு வெளியே நிற்கும். பள்ளத்துக்குள்ள நின்றுகொண்டே பள்ளத்தைத் தேடுற மாதிரி. 200 பாகை வரை பிடிக்கும் அகலக் கமராவில் அந்த விளிம்பு நிறமாற்றமாகத் தெரியும். டோக்கியோவின் ஓனோ-மட்சுய் 2014இல் அந்தப் படங்களையும் எம்.ஆர்.ஐ. முப்பரிமாணப் படங்களையும் சேர்த்துப் பார்த்துப் புதிய வகைப்பாடு ஒன்றை முன்வைத்தார்.

லேசர் சீவுவது முன்பக்க விழிவெண்படலத்தை மட்டும். 28 மில்லிமீற்றர் கண் நீளமாகவே இருக்கும். இழுபட்ட விழித்திரை கிழியும் ஆபத்தும் அப்படியே. முகத்தில் கண்ணாடி இல்லாததால் எதிரே இருக்கும் வைத்தியருக்கு அது ஒரு காலத்தில் மைனஸ் ஒன்பது என்று தெரியாது, நாம வாய்திறந்து சொன்னாலொழிய.