பேராக்கின் பழைய நெடுஞ்சாலை: கட்டைக்கல், வரைபடம், தங்குமிடம்

மலேசியாவின் கூட்டரசுச் சாலை எண் 1 தெற்கே தஞ்சோங் மாலிமில் பேராக் மாநிலத்துக்குள் நுழைகிறது. சிலிம் ரீவர், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் ஆகிய ஊர்களைத் தாண்டி ஈப்போவுக்கு வருகிறது. அங்கிருந்து சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங் வழியாகச் சென்று பாரிட் புந்தாரைத் தாண்டி மாநிலத்தை விட்டு வெளியேறுகிறது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை, கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே காரில் செல்பவர்களுக்கு இதுவே முதன்மை வழி.

முன்கூட்டி எதையும் ஏற்பாடு செய்யாமல், கையில் ஒரு காகித வரைபடத்தோடு இந்தச் சாலையில் கிளம்பிவிட முடிந்தது. தூரத்தைச் சொல்லும் கல், இருட்டினால் தங்க ஒரு விடுதி, பழுது பார்க்கப்பட்ட சாலை ஆகிய மூன்றையும் காலனி அரசு தன் அதிகாரிகளுக்காகவும் ஈயம், ரப்பர் வணிகத்துக்காகவும் ஏற்படுத்தி வைத்திருந்தது. பயணி திட்டமிடாமல் போகமுடிந்தது என்றால், அவருக்கு முன்பே வேறு யாரோ திட்டமிட்டிருந்தார்கள் என்று பொருள்.

சாலைக்கு முன்

பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு வழிவிட்ட பங்கோர் ஒப்பந்தம் 1874 ஜனவரியில் கையெழுத்தானபோது பேராக்கில் சொல்லிக்கொள்ளும்படியான சாலைகள் குறைவு. ஆறுகளே வழிகள். ஆற்றிலிருந்து விலகிய இடங்களுக்குக் காட்டுத் தடங்களில் யானைமேல் சரக்கை ஏற்றிப் போனார்கள். இசபெல்லா பேர்டு என்ற ஆங்கிலப் பயணி 1879இல் தைப்பிங் பக்கமிருந்து கோலகங்சாருக்குப் போனது யானைமேல்தான். அந்தப் பயணத்தின் இடர்ப்பாடுகளை 1883இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதினார்.

அப்போது கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. 1877இல் தன் மாளிகைத் தோட்டத்தில் சில ரப்பர்க் கன்றுகளை நட்டவர் இவரே. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பிற்காலத்தில் மாநிலத்தின் சாலை வரைபடத்தையே மாற்றி எழுதிய பயிர் அது.

ஆனால் முதல் சாலைகள் ரப்பருக்காகப் போடப்பட்டவை அல்ல, ஈயத்துக்காகப் போடப்பட்டவை. லாருட் சுரங்கங்களிலிருந்து கடற்கரைக்கும், கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து ஆற்றுத் துறைகளுக்கும் வண்டிப் பாதைகள் அமைந்தன. 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. சுமார் 8 மைல் நீளமுள்ள அந்தப் பாதையைப் போடும் வேலைக்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர்.

அதே 1885இல்தான் இங்கிலாந்தில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், குதிரைகள் இழுக்கும், கேரவன் என்ற வீடு போன்ற ஒரு வண்டியைக் கட்டுவித்துப் பொழுதுபோக்காக ஊர் சுற்றினார். 1907இல் அங்கே கேரவன்காரர்களுக்கென்று சங்கமே உண்டானது. பேராக்கில் அந்தப் பழக்கம் வேர் பிடிக்கவில்லை. இங்கே வண்டியிலேயே படுத்து உறங்கியவர்கள், சரக்கேற்றிய கூண்டு மாட்டுவண்டிகளை இரவு பகலாக ஓட்டிய வண்டிக்காரர்கள். அவர்களில் தமிழர்கள் பலர். அது தொழில், உல்லாசம் அல்ல.

சாலை போட்டவர்கள்

1890களிலிருந்து சுரங்க ஊர்களை ஒன்றோடொன்று இணைத்து வடக்கு தெற்காக ஒரே சாலை உருவானது. பொதுப்பணித் துறை கல்லும் செம்மண்ணும் பரப்பி அதை அமைத்தது. மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு தார் பூசியது. கல் உடைத்தவர்கள், வடிகால் வெட்டியவர்கள், ஓரத்துப் புல்லைச் செதுக்கியவர்கள் ஆகியோரில் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சாலையோரத்திலேயே வரிசை வீடுகள் கட்டித் தரப்பட்டன. அளவைத் துறையிலும் ரயில்வேயிலும் எழுத்தர்களாகவும் தொழில்நுட்ப உதவியாளர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தனர். சாலையைப் போட்ட கைகளிலும் அதன் கணக்கை எழுதிய கைகளிலும் தமிழ்க் கைகள் இருந்தன.

சாலை வேலையும் நில அளவையும் தோட்டங்களாக மாறிய கதைக்கு வில்லியம் கெல்லி ஸ்மித் நல்ல சான்று. 1890இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த அவர், பேராக்கில் நில அளவை ஒப்பந்தங்கள் எடுத்திருந்த சார்லஸ் அல்மா பேக்கரிடம் சேர்ந்தார். அந்த வேலையில் ஈட்டிய பணத்தில் பத்து காஜாவுக்கு அருகே காடு வாங்கி, கிந்தா கெல்லாஸ் என்ற ரப்பர்த் தோட்டத்தை உருவாக்கினார். 1915இல் அங்கே கட்டத் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றுபோனது. அருகே தொழிலாளர்களுக்காக எழுந்த கோயிலின் கூரையில், தெய்வச் சுதைகளுக்கு நடுவே, துரையின் உருவமும் நிற்கிறது.

நெடுஞ்சாலையின் வடபகுதியில் பேராக் ஆறு நெடுங்காலம் தடையாக இருந்தது. 1932இல் கோலகங்சாருக்கு அருகே இஸ்கந்தர் பாலம் திறக்கப்பட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. அதற்கு முன்பே, 1924இல், ஜொகூர் நீரிணைக் கரைப்பாலம் திறந்து சிங்கப்பூரைத் தரைவழியோடு இணைத்திருந்தது. ஆக, 1930களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து பேராக் வழியே வடக்கெல்லைவரை கார் ஓட்டிச் செல்வது நடைமுறைக்கு உகந்த பயணமாகிவிட்டது.

பயணியர் விடுதிகள்

இத்தகைய பயணத்தைத் தாங்கியவை, ரெஸ்ட் ஹவுஸ் என்று அறியப்பட்ட அரசு விடுதிகள். தாப்பா, கோலகங்சார், தைப்பிங் என்று மாவட்ட அலுவலகம் இருந்த ஊர்களில் எல்லாம் அநேகமாக ஒன்று இருந்தது. உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், கொசுவலை கட்டிய கட்டில்கள், பின்புறம் சமையலறை என்பது வழக்கமான அமைப்பு. நடத்துபவர் பெரும்பாலும் ஹைனானியச் சீனர். வெள்ளைக்காரர் உணவும் கறி சோறும் அவர் கைக்கு ஒன்றுபோலப் பழகியிருந்தன.

சுற்றுப்பயணத்தில் இருக்கும் அரசு அதிகாரிக்கு அறையில் முதல் உரிமை. மீதி இருந்தால் வழிப்போக்கருக்கு. முன்பதிவு இல்லாமல் வந்தவருக்கு அறை கிடைக்காமல் போகவும் கூடும். ஆனால் அடுத்த விடுதி காரில் சில மணி நேரத் தொலைவில்தான் இருக்கும். குதிரையிலும் மாட்டுவண்டியிலும் போன காலத்து ஒருநாள் பயணத்தைக் கணக்கில் கொண்டு அமைந்த இடைவெளி அது. கார் வந்த பிறகு அதுவே தாராளமாகிவிட்டது. கூடாரமோ கேரவனோ இல்லாமலே திட்டமற்ற பயணம் நடந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ஈப்போ மட்டும் இதில் வேறுபட்டது. ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்து 1917இல் முடிந்த ரயில் நிலையத்திலேயே ஒரு ஹோட்டல் இருந்தது. வசதி படைத்த பயணிகளுக்கு அது. வட்டிக்கடைச் செட்டியார்களும் துணி வணிகர்களும் ஊருக்கு வந்தால் தங்கள் சமூகத்தாரின் கிட்டங்கிகளில் தங்கினர். தோட்டத் தொழிலாளிக்கு ஊர் உறவினர் வீடோ கோயில் மண்டபமோதான்.

காகிதத்தில் இருந்ததும் இல்லாததும்

வரைபடம் இல்லாமையின் விலை என்ன என்பதற்குக் கேமரன் மலை உதாரணம். வில்லியம் கேமரன் என்ற அளவையாளர் 1885இல் பேராக், பகாங் எல்லையில் ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக அறிவித்தார். அதன் இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டும் வரைபடம் மிஞ்சவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1920களின் நடுவில்தான் அரசு அங்கே மலைவாச நகரம் அமைக்க முனைந்தது. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலையின் வேலை 1926இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்தது.

கூட்டு மலாய் மாநிலங்களுக்கென அளவைத் துறை ஒழுங்குபட்ட பிறகு, ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் வரைபடத் தாள்கள் வெளிவந்தன. ரப்பர்க் காடு, தோட்டத்து உள்சாலை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. சாதாரண பயணி கையில் வைத்திருந்தது அதுவல்ல. ஆட்டோமொபைல் சங்கமும் எண்ணெய் நிறுவனங்களும் வெளியிட்ட மடிப்பு வரைபடமே அவருக்குக் கிடைத்தது. அதில் நெடுஞ்சாலை சிவப்புக் கோடு, ஊர்கள் புள்ளிகள். இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தோட்டங்கள் இருந்த இடம் பெரும்பாலும் வெறும் வெள்ளை.

அந்த வெள்ளைக்குள் வழி கண்டுபிடிக்க உதவியது கட்டைக்கணக்கு. சாலையோர மைல்கல்லைத் தமிழர்கள் கட்டை என்றனர். தோட்டத்துக்கு முகவரியும் அதுவே: எட்டாங்கட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, செம்மண் சாலையில் இரண்டு கட்டை நடந்தால் பால் கொட்டகை, அதைத் தாண்டினால் லயம், லயத்துக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். 1970களில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பிறகும் இந்தப் பேச்சு மறையவில்லை.

தோட்டச் சாலைகள் தனியார் சாலைகள். காவல் கதவு, பெயர்ப்பலகை, உள்ளே நுழையத் துரையின் அனுமதி என்பது நடைமுறை. வெளியே போவதும் எளிதாக இருந்ததில்லை. 1910இல் முடிவுக்கு வந்த ஒப்பந்தக்கூலி முறையின் கீழ், தவணை முடியாமல் தோட்டத்தை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம். அதன்பின் ஓங்கிய, கங்காணி வழியே ஆள் சேர்க்கும் முறையில் சட்டத் தடை தளர்ந்தாலும் கடன் தடுத்தது. நெடுஞ்சாலையில் மனம்போனபடி கார் ஓட்டிய சுதந்திரமும், அதே சாலைக்கு அரைமைல் உள்ளே இருந்த கட்டுப்பாடும் ஒரே காலத்தவை. பின்னர் மோட்டார் பஸ் வந்தபோதுதான் சம்பள நாளை அடுத்து டவுனுக்குப் போவதும், தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தோட்டத்து லாரியில் திரளாகப் போவதும் வழக்கமாயின.

போரும் அவசரகாலமும்

வரைபடத்தில் மறக்கப்பட்ட சாலை என்ன செய்யும் என்பதை 1942 ஜனவரி 7 காட்டியது. படையெடுத்து வந்த ஜப்பானியரோடு கம்பாரில் நடந்த நான்கு நாள் சண்டைக்குப் பின் பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படைகள், துரோலாக்கிலிருந்து சிலிம் ரீவர்வரை நெடுஞ்சாலையைக் காத்து நின்றன. சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் அங்கே ரப்பர்க் காட்டுக்குள் அப்படியே கிடந்தன. நேர்ச்சாலையில் தடைகள் இருந்தன; வளைவுகள் சரியாக அடைக்கப்படவில்லை. ஜப்பானிய டாங்குகள் விடியுமுன் அந்த வளைவுகளில் புகுந்து தடைகளைச் சுற்றி வந்தன. 11ஆம் இந்திய டிவிஷன் சிதறியது. நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது.

போர் முடிந்து மூன்றாண்டுகூட ஆகாத நிலையில், 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை 31வரை நீடித்தது. சாலைகளில் இரவு ஊரடங்கு, சோதனைச் சாவடி, உணவுக் கட்டுப்பாடு வந்தன. கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் பால்வெட்டப் போகிறவர் சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக முடியாது. துல்லியமான நில வரைபடங்கள் பாதுகாப்புப் பொருளாயின. அவற்றுக்கான கட்டுப்பாடு அவசரகாலத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. அந்த ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகச் சுற்றியவை தகவல் இலாகாவின் பட வண்டிகள். ஒலிபெருக்கி, திரை, ஜெனரேட்டர் எல்லாம் ஒரே வேனில். அரசுச் செய்தியையும் திரைப்படத்தையும் சேர்த்தே காட்டினார்கள்.

கார் பெருகிய காலம்

1960களும் 70களும் பழைய நெடுஞ்சாலையின் செழிப்பான பருவம். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுவதற்கு எதிராக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களை உறுப்பினராக்கத் தோட்டம் தோட்டமாகப் போனது இந்தச் சாலைகளில்தான். வெளியூர் டாக்சி இன்னொரு அடையாளம். நான்கு பேர் சேர்ந்தால் கிளம்பும், நேர அட்டவணை கிடையாது. வழியில் பீடோர், கம்பார், தஞ்சோங் மாலிம் ஊர்களின் சாப்பாட்டுக் கடைகள் பயணிகளை நம்பி வளர்ந்தன.

எல்லாச் சாலையும் இப்படித் திறந்து கிடக்கவில்லை. வடக்கே கிரிக்கிலிருந்து கிளந்தானின் ஜெலிவரை காட்டைக் குடைந்து போட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, இராணுவக் காவலோடு கட்டப்பட்டு 1982இல் திறந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சி ஓயாத அந்த ஆண்டுகளில் இரவில் அதில் போக அனுமதி இல்லை. 1989 டிசம்பரில் ஹட்யாய் உடன்பாடு கையெழுத்தான பின்பே நிலைமை மாறியது.

விரைவுச்சாலைக்குப் பின்

1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றதும், பேராக்கின் பழைய ஊர்கள் பலவும் வழியிலிருந்து விலகின. விடுதிகளின் பணியைத் தாப்பா, சுங்கை பேராக் போன்ற ஓய்வுத்தளங்கள் ஏற்றன. அங்கே உணவும் கழிப்பறையும் தொழுகை இடமும் உண்டு. ரெஸ்ட் ஹவுஸ்கள் சில தனியாரிடம் போயின, சில மூடப்பட்டன.

தோட்டங்களும் மாறின. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. டவுனை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. மறுநடவின்போது உள்சாலைகள் புதிதாக வெட்டப்பட்டதால் பழைய வரைபடத் தாள் இப்போது அங்கே வழிகாட்டாது. ஆலமரம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவைதாம் பல இடங்களில் பழைய லயம் எங்கிருந்தது என்பதைச் சொல்கின்றன.

அண்மைக் காலத்தில் படுக்கையும் அடுப்பும் வைத்த வேன்களில் குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்கள் மலேசியாவிலும் தோன்றியிருக்கிறார்கள். சுங்காய் அருகே வெந்நீர் ஊற்று, தாப்பா அருகே லாத்தா கிஞ்சாங் அருவி, கோப்பெங் ஆற்றோரம் என்று அவர்கள் நாடத்தக்க இடங்கள் பலவும் பழைய நெடுஞ்சாலையிலிருந்து எளிதில் எட்டக்கூடியவை. கட்டணம் இல்லை, வேகம் குறைவு, சிற்றூர் தோறும் கடை உண்டு என்பதால் அவசரமில்லாத பயணத்துக்குக் கூட்டரசுச் சாலை எண் 1 இன்றும் பொருந்துகிறது.