கடன் இல்லாமல் வீட்டு அலங்காரம்: கைவேலைகளுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தவணைக் கடைகளின் துண்டறிக்கைகள் வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழத் தொடங்கிவிடும். புதிய சோபா, புதிய திரைச்சீலை, புதிய அலமாரி எல்லாமே முன்பணம் இல்லாமல் கிடைக்கும் என்பார்கள். பண்டிகை இரண்டு நாளில் முடிந்துவிடும். தவணையோ அடுத்த தீபாவளி வரை தொடரும். தவணை தவறும் மாதத்தில் சிலர் வட்டி முதலைகளிடம் போய் நிற்கும் நிலையும் வருகிறது.

வீடு அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் நம்மில் பலர் சொந்த வீட்டில் இல்லை. தோட்டத்தில் இருப்பது நிர்வாகம் கொடுத்த வீடு. பட்டணத்தில் இருப்பது வாடகை வீடு. வேலை மாறினாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ பெட்டி படுக்கையோடு கிளம்ப வேண்டியதுதான். அதனால் அலங்காரத்திற்குப் பணமும் நேரமும் செலவிடுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: வீடு மாறும்போது இது நம்மோடு வருமா? துணி, கால்மிதி, படச்சட்டம், விளக்கு, செடித்தொட்டி ஆகியவை வரும். சுவரில் ஒட்டிய ஓடும், ஆணியடித்துப் பொருத்திய அலமாரியும் வராது. கீழே சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவை கையோடு எடுத்துச் செல்லக்கூடியவை.

முதல் வேலை: ஒழிப்பது

மக்கள் வீடமைப்புத் திட்டம் எனப்படும் பிபிஆர் அடுக்குமாடி வீடுகள் ஏறக்குறைய 700 சதுர அடி கொண்டவை. மூன்று படுக்கையறை, வரவேற்பறை, சமையலறை எல்லாம் அதற்குள்தான். அந்த இடத்தில் உடைந்த மின்விசிறியும், ஓடாத தொலைக்காட்சியும், கட்டி வைத்த பழைய துணி மூட்டையும் இருந்தால் எந்த அலங்காரமும் எடுபடாது. ஓராண்டாகத் தொடாத பொருள்களை முதலில் வெளியேற்ற வேண்டும். பழைய இரும்பு, காகிதம், அலுமினியம் ஆகியவற்றைப் பழைய சாமான் வாங்குவோரிடம் போட்டால், சாயம் வாங்கக் கொஞ்சம் பணமும் கிடைக்கும்.

அடுத்தது சுவர். குளியலறைக்கு அடுத்த சுவரிலும், மழைச் சாரல் படும் சுவரிலும் கறுப்புப் பூஞ்சணம் படிந்திருக்கும். அதன்மேல் சாயம் அடித்தால் சில மாதங்களில் மீண்டும் கிளம்பிவிடும். ஒரு பங்கு குளோரோக்ஸை பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து, கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துத் துடைக்க வேண்டும். குளோரோக்ஸோடு வினிகரையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். தண்ணீர் கசிந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் படத்தோடு தெரிவித்துவிடுவது பின்னாளில் வைப்புத்தொகையைக் காப்பாற்றும்.

ஒரு சுவர் போதும்

வீடு முழுவதும் சாயம் அடிக்கத் தேவையில்லை. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் ஒரு சுவரை மட்டும் மாற்றினாலே வீடு புதிதாகத் தெரியும். 10 அடி உயரமும் 12 அடி நீளமும் உள்ள சுவர் 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். ஒரு லிட்டர் நீர்ச்சாயம் ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். இரண்டு பூச்சுக்கு 2 லிட்டர் போதும். அக்கம்பக்கத்து வீட்டார் இருவர் சேர்ந்து 5 லிட்டர் டின் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் பெரும்பாலும் செலவு குறையும். உருளைத் தூரிகையையும் ஏணியையும் இரவல் வாங்கலாம்.

இருட்டான வரவேற்பறைக்கு வெளிர் மஞ்சள், தயிர் வெள்ளை போன்ற நிறங்கள் பொருந்தும். வாடகை வீட்டில் அனுமதி கேட்ட பிறகே தூரிகையைத் தொட வேண்டும். வாட்சப்பில் வந்த பதிலானாலும் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

அம்மாவின் சேலை, வீட்டின் திரை

அலமாரியின் அடியில் கட்டாமல் கிடக்கும் சேலைதான் பல வீடுகளில் இருக்கும் மிகப் பெரிய துணிச் சொத்து. ஒரு சேலை சுமார் ஐந்தரை மீட்டர் நீளமும் 1.1 மீட்டருக்குக் குறையாத அகலமும் கொண்டது. நடுவில் வெட்டினால் ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் மீட்டர் நீளமுள்ள இரண்டு திரைகள் கிடைக்கும். மேலே கம்பி நுழைய மூன்று அங்குலமும், கீழே மடித்துத் தைக்க நான்கு அங்குலமும் விட்டாலும் வாசற்கதவின் உயரத்திற்குத் தாராளமாகப் போதும். கரை பக்கவாட்டில் வரும்படி தொங்கவிட்டால் தனியாகப் பூவேலை தேவையில்லை. முந்தானையை வெட்டாமல் எடுத்து வைத்தால் இரண்டு தலையணை உறைகளோ, மேசை விரிப்போ தைக்கலாம்.

பருத்திச் சேலையே இதற்கு ஏற்றது. நைலான், பாலியெஸ்டர் சேலைகள் தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சமையலறையிலும் சாமி அறையிலும் தொங்கவிடக் கூடாது. பட்டுச் சேலையை வெட்டுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சில சேலைகளுக்கு விலையைவிடப் பெரிய மதிப்பு உண்டு.

பழைய டி-சட்டைகள் கால்மிதியாகும். நான்கைந்து சட்டைகளின் உடல் பகுதியை ஓர் அங்குல அகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டினால் நீண்ட நாடா கிடைக்கும். மூன்று நாடாக்களைச் சடைபோலப் பின்னி, நத்தை ஓடுபோல் சுருட்டி, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு கெட்டியான நூலால் தைக்க வேண்டும். இரண்டு அடி அகல வட்டக் கால்மிதி தயார். அடியில் வழுக்காத ரப்பர் வலை வைத்தால் முதியவர்கள் தடுமாற மாட்டார்கள்.

வாசலில் தோரணம்

மாவிலைத் தோரணத்திற்கு ஒரே அளவுள்ள இலைகளைப் பறித்து, கழுவித் துடைத்து, காம்புப் பக்கம் மடித்து ஈர்க்கால் குத்திக் கயிற்றில் கோத்தால் போதும். தென்னங்குருத்துத் தோரணம் கட்டத் தெரிந்த பெரியவர்கள் எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பர். மங்கலத் தோரணத்திற்கும் துக்க வீட்டுத் தோரணத்திற்கும் மடிப்பில் வேறுபாடு உண்டு. ஆகவே காணொளியைப் பார்த்துக் கற்பதைவிட அவர்கள் அருகில் அமர்ந்து கற்பதே சரி. குருத்தோலை இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். முதல்நாள் மாலை மடித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, மறுநாள் காலை கட்டினால் பசுமை கெடாது.

செம்பனைத் தோட்டங்களில் இருப்போர் செம்பனை மட்டையைத் தேடிப் போவதும் உண்டு. மட்டையின் அடிப்பகுதியில் கூரிய முட்கள் இருக்கும். பிள்ளைகளை அனுப்பாமல் பெரியவர்களே வெட்டிக் கொண்டுவர வேண்டும்.

ஆண்டுதோறும் நிலைக்கும் தோரணம் வேண்டுமானால், பச்சை நிறத் தடித்த துணியை மாவிலை வடிவில் வெட்டி, நடுநரம்பை மஞ்சள் நூலால் தைத்து, நாடாவில் கோக்கலாம். துவைத்து மடித்து வைத்தால் பல ஆண்டுகளுக்கு வரும்.

பலகையில் அரிசிக் கோலம்

மலேசியாவில் பேரங்காடி முதல் பள்ளி மண்டபம் வரை வண்ண அரிசிக் கோலம் பழகிப்போன காட்சி. மூன்று அடி விட்டமுள்ள கோலத்திற்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ அரிசி போதும். சாப்பிடும் நல்ல அரிசியை வீணாக்காமல் நொய்யரிசியோ, வண்டு பிடித்த பழைய அரிசியைப் புடைத்தோ பயன்படுத்தலாம்.

ஒரு கிலோ அரிசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு தேக்கரண்டி உணவுச் சாயத்தையும் ஒரு மேசைக்கரண்டி வினிகரையும் சேர்த்து, பையின் வாயைக் கட்டி நன்றாகக் குலுக்க வேண்டும். தண்ணீர் அதிகமாகச் சேர்த்தால் அரிசி நொதித்து வாடை வரும். பழைய நாளிதழ்மேல் மெல்லிதாகப் பரப்பி நிழலில் அரை நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும்.

அடுக்குமாடியில் கோலத்தை நடைபாதைத் தரையில் போடாமல் ஒட்டுப்பலகையின்மேல் போடுவது புத்திசாலித்தனம். மழைச் சாரல் அடித்தால் உள்ளே நகர்த்தலாம். நடப்பவர் அரிசியில் வழுக்கி விழவும் மாட்டார். முதலில் வெள்ளைச் சுண்ணத்தால் கோட்டை வரைந்து, நடுவிலிருந்து வெளிநோக்கி நிரப்ப வேண்டும். பண்டிகை முடிந்ததும் நிறம் நிறமாகப் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு காய்ந்த மிளகாயோடு போட்டு வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

சுவருக்குப் படம், தூக்கிப் போட மனம் வராத அட்டை

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டுத் திருமண அழைப்பிதழ்கள் இருக்கும். பிள்ளையார் படம் அச்சிட்டிருப்பதால் குப்பையில் போடவும் மனம் வராது. அந்தப் படங்களையும் பொன்னிற ஓரங்களையும் கவனமாக வெட்டி, அடர்நிற அட்டையில் ஒட்டி, பழைய படச்சட்டத்தில் பொருத்தினால் சாமி அறைக்கு ஏற்ற படம் கிடைக்கும். மீதி அட்டையில் மொய் உறை செய்யலாம். மளிகைக் கடை கொடுத்த நாட்காட்டியின் தெய்வப் படங்களுக்கும் இதே வழிதான்.

குடும்பப் படங்களைக் கைப்பேசியிலேயே வைத்திருக்காமல் ஆறேழு படங்களை அச்செடுத்து, ஒரே அளவுச் சட்டங்களில் ஒரே வரிசையாக மாட்டினால் சுவர் நிறைந்துவிடும். தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துப் படம் ஏதேனும் உறவினரிடம் இருந்தால் நகல் எடுத்து முதலில் மாட்டலாம். சிமெண்டுச் சுவரில் துளையிட முடியாதபோது ஒட்டும் கொக்கிகள் உதவும். உறையில் எழுதியுள்ள எடைக்குமேல் தொங்கவிடக் கூடாது.

மைலோ டின்னில் கறிவேப்பிலை

மைலோ டின், பிஸ்கட் டின் ஆகியவற்றின் அடியில் ஆணியால் நான்கைந்து துளையிட்டு, வெளியே சாயம் பூசினால் செடித்தொட்டி தயார். புதினா, கற்பூரவல்லி ஆகியவை சிறிய டின்னிலேயே வளரும். கறிவேப்பிலைக் கன்றைப் பெரிய டின்னில் வைத்து, வளர்ந்ததும் வாளிக்கு மாற்ற வேண்டும். டின்னின் விளிம்பு கையை வெட்டாதபடி தட்டி மழுக்குவது அவசியம்.

தொட்டியை மாடித் தடுப்புச் சுவரின்மேல் வைக்கவே கூடாது. 2018இல் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் பிபிஆர் அடுக்குமாடியின் மேலிருந்து விழுந்த நாற்காலி ஓர் உயிரைப் பறித்தது. செடிகள் தரையிலோ, தடுப்புக்கு உட்புறமோ இருக்கட்டும்.

கண்ணாடிப் புட்டியில் நீரூற்றி வளர்க்கும் பணச்செடி பல வீடுகளில் உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் இருமுறை நீரை மாற்றுவதோடு புட்டியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். டயரில் செடி வைப்போர் நீர் தேங்காதபடி அடியில் துளையிட வேண்டும். மலேசியாவில் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் கொசு வளரும் வீட்டுக்கு 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

விளக்கும் பாதுகாப்பும்

அகல் விளக்கைவிட மலிவான அலங்காரம் இல்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இன்றும் தமிழர்கள் களிமண் பாண்டங்கள் வனைந்து வருகின்றனர். புதிய அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துக் காயவைத்து ஏற்றினால் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. தட்டில் மணல் பரப்பி அதன்மேல் வைக்க வேண்டும். திரைச்சீலையிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளியிருக்க வேண்டும். படுக்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும்.

வண்ண விளக்குச் சரம் வாங்கும்போது மலேசியாவில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஓர் இணைப்புப் பெட்டியில் இன்னொன்றைச் செருகி நீட்டக் கூடாது. சிங்கப்பூர் வீவக வீடுகளில் பொது நடைபாதையை அலங்கரிப்போர், தீ ஏற்பட்டால் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகல வழியைத் தடையின்றி விட வேண்டும்.

சரக்குப் பலகையில் மேசையோ அலமாரியோ செய்ய நினைப்போர் அதில் குத்தப்பட்டுள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். ‘எச்டி’ என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பமூட்டிப் பதப்படுத்திய மரம், பயன்படுத்தலாம். ‘எம்பி’ என்றிருந்தால் பூச்சிக்கொல்லி வாயுவால் பதப்படுத்தியது, வீட்டுக்குள் வேண்டாம்.

கைவேலையும் செலவு வைக்கும்

கையால் செய்தால் எல்லாமே மலிவு என்று சொல்லிவிட முடியாது. சூட்டுப் பசைத் துப்பாக்கி, தெளிப்புச் சாயம், மணிகள், ரிப்பன் என்று வாங்கத் தொடங்கினால் கடையில் விற்கும் பொருளைவிடச் செலவு கூடிவிடும். தேவையான பொருளில் பாதிக்குமேல் வீட்டிலேயே இருந்தால் மட்டும் தொடங்குவது என்று வைத்துக்கொள்ளலாம். மின்கம்பி வேலை, தலைக்குமேல் கனமான பொருளைத் தொங்கவிடுவது ஆகிய இரண்டிலும் சிக்கனம் பார்க்காமல் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

தீபாவளிக்கு முன் நான்கு வாரம் இருந்தால் வேலையை இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் ஒழிப்பதும் கழுவுவதும். இரண்டாம் வாரம் சுவர். மூன்றாம் வாரம் திரை, உறை, கால்மிதி, படச்சட்டம். நான்காம் வாரம் அரிசிக்குச் சாயமிடுவது, அகல் ஊறவைப்பது, முதல்நாள் மாலை தோரணம். ஒவ்வொரு வாரமும் செலவிட்டதைச் சமையலறை நாட்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தால், கையிருப்பு மீறுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ள முடியும்.