கண்டி, பல்லேகல: சிறு பொதுப் பூங்காக்கள்

கண்டி நகரிலும், மகாவலி கங்கைக்கு அப்பால் குண்டசாலைப் பக்கமாக வளர்ந்துவரும் பல்லேகலயிலும் மக்கள் காலாற உட்காரவும் பிள்ளைகள் ஓடி விளையாடவும் உள்ள திறந்த இடங்கள். மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய கண்டியில் சமதரை எப்போதும் அருமை. அதை வாவியும் கோயில்களும் கடைத்தெருவும் எடுத்துக்கொள்ள, பூங்கா சரிவில் ஏறிக்கொண்டது.

வாவிக்கு மேலேயுள்ள அரச மாளிகைப் பூங்கா அப்படிப்பட்டது. இதை அமைத்தவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் என்பர். பின்னர் பூங்காவைச் சீர்செய்த அரசாங்க அதிபர் ஹெர்பர்ட் வேஸின் பெயரால் அது வேஸ் பூங்கா ஆனது. ஊர்வாயில் வேல்ஸ் பூங்கா. அங்கே நிற்கும் ஜப்பானியப் பீரங்கி பர்மாப் போர்முனையில் கைப்பற்றப்பட்டது. நகருக்குக் கொடுத்தவர் இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன். 1944இல் அவருடைய தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனையில் இயங்கியது. இன்று பீரங்கியைவிட வாவிக் காட்சிக்கும், ஒரே குடைக்குள் ஒதுங்கும் காதல் சோடிகளுக்குமே பூங்கா பேர்போனது.

பல்லேகலயின் கதை வேறு. கைத்தொழில் வலயம், மாகாண அலுவலகங்கள், 2009இல் திறக்கப்பட்ட சர்வதேசக் கிரிக்கெட் அரங்கு எனப் பெரிய நிறுவனங்கள்தான் இங்கே இடம் பிடித்தன. 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுடன் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்த அந்த மைதானத்தில் அயல்வீட்டுப் பிள்ளை மட்டையைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது.

இத்தகைய புறநகரில் தெருப் பூங்காவுக்கு வழிவிடுவது நகர அபிவிருத்தி அதிகார சபையின் காணிப் பிரிப்பு விதி. 1 ஹெக்டேயருக்கு, அதாவது சுமார் 395 பேர்ச்சுக்கு, மேற்பட்ட காணியை மனைகளாகப் பிரித்தால், வீதிகள் நீங்கலாகக் குறைந்தது 10 வீதத்தைப் பொழுதுபோக்குக்கும் பொதுத் தேவைக்கும் விட வேண்டும். நல்ல விதிதான், ஆனால் அந்த அளவுக்குச் சற்றுக் குறைவான காணியை இது தொடுவதில்லை. மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு கட்ட முடியாத செங்குத்து மூலையையே பூங்காவுக்குத் தள்ளிவிடும் ஆசை காணி விற்பவருக்கு வருவது இயல்பு. அங்கே ஊஞ்சல் நடுவதற்கு முன் மண்ணை வெட்டி மட்டப்படுத்தி, அணைச்சுவர் கட்டி, மழைநீர் வடியக் கானும் இட வேண்டும். ஒதுக்கிய துண்டு உள்ளூராட்சி சபையின் கைக்கு வந்தால் அந்தச் செலவும் புல் வெட்டும் வேலையும் சபையின் தலையில்.