பெயர் கேட்ட இரசிகரும் பெயரிழந்த நடிகையும்

திரையிலே தோன்றும் உருவத்தின்மீது உள்ளத்தைப் பறிகொடுத்து, அதன் படத்தைப் பாடநூலுக்குள் மறைத்து வைக்கும் இளம்பருவத்தினர் எந்நாட்டிலும் உளர். இம்மயக்கம் முழுவதும் படமுதலாளிகளின் விளம்பரத்தால் விளைந்தது என்று சொல்வாருண்டு. வரலாற்றை நோக்கின், அக்கூற்று முற்றும் பொருந்தாதென்பது புலனாகும்.

1908 ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் படக் கம்பனிகள் நடிகரின் பெயரை வெளியிடுவதில்லை. பெயர் பரவினால் அவர்கள் கூடுதலான சம்பளம் கேட்பர் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணமாகும். நாடகமேடையிற் பழகிய நடிகருட் சிலரும், ஊமைப்படத்தில் நடித்ததை வெளியிற் சொல்ல நாணினர். ஆயினும், பயோகிராப் என்னும் கம்பனியின் படங்களில் அடிக்கடி தோன்றிய ஒரு முகத்தை மக்கள் மறக்கவில்லை. பெயர் அறியாமையால் அந்நடிகையைப் 'பயோகிராப் பெண்' என்றே அழைத்தனர். அவர் யாரென வினவிக் கடிதங்கள் வந்தன. கம்பனியோ வாய் திறக்கவில்லை.

கனடாவின் ஹமில்டன் நகரில் 1886 இல் பிறந்த புளோரன்ஸ் லோரன்ஸ் என்பாரே அந்நடிகை. 1909 இல் கார்ல் லெம்லி என்பவர் அவரைத் தம் கம்பனியிற் சேர்த்துக்கொண்டார். புளோரன்ஸ் வீதி விபத்தில் இறந்துவிட்டார் என்னும் வதந்தி பொய்யென அறிவித்து, 1910 மார்ச் மாதத்தில் லெம்லி ஒரு விளம்பரம் வெளியிட்டார். அவ்வதந்தியைக் கட்டிவிட்டவரும் அவரே என்பர். அம்மாதமே நடிகை சென் லூயிஸ் நகருக்கு நேரிற் சென்றபோது பெருங்கூட்டம் திரண்டது. லெம்லி செய்தது தந்திரமே. ஆனால், மக்கள் உள்ளத்தில் முன்னரே இருந்த ஆவலைத்தான் அவர் பயன்படுத்தினார்.

1911 இல் இரசிகர்க்கென்றே சஞ்சிகைகள் தோன்றின. அவற்றுள் ஒன்று, நடிகரின் மணவாழ்க்கை பற்றிய கேள்விகளுக்குத் தொடக்கத்தில் விடையளிக்க மறுத்தது. இளையோர் எதனை அறிய விரும்பினர் என்பதை இம்மறுப்பே காட்டுகின்றது. 1926 ஓகஸ்ட் 23 ஆம் திகதி, ருடோல்ப் வலன்டினோ 31 ஆம் வயதிற் காலமானார். அவருடலைக் காண நியூயோர்க்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடினர். நெரிசலிற் கண்ணாடிச் சாளரங்கள் நொறுங்கின. 1933 இல் ஹெர்பேட் புளூமர் என்னும் சமூகவியலறிஞர், மாணவர் தம் கைப்பட எழுதிய திரைப்பட அனுபவங்களைத் தொகுத்து நூலாக்கினார். காணாத நடிகர்மீது காதல் கொண்டு கனவில் வாழ்ந்தமையைப் பலர் அதில் ஒளியாது கூறினர்.

அக்காலத்திற் புளோரன்சை நினைப்பார் அரியராயினர். முன்னொருகாற் படப்பிடிப்பிலே தீக்காயமுற்ற அவர், பிற்காலத்திற் சிறுசிறு வேடங்களாற் காலங்கழித்தார். 1938 டிசம்பர் 28 ஆம் திகதி தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஹொலிவூட்டில் வலன்டினோ துயிலும் அதே இடுகாட்டில் அவரும் அடக்கஞ் செய்யப்பட்டார். வலன்டினோவின் சமாதிக்கு ஆண்டுதோறும் அன்பர் மலருடன் வந்தனர். புளோரன்சின் புதைகுழியிலோ பெயர் பொறித்த கல்லும் இருக்கவில்லை. 1991 இலேதான் ஒரு கல் நாட்டப்பட்டது.

கடிதம் எழுதிய இளையோரின் அன்பு பொய்யன்று. அவ்வன்பே ஒரு பெயரை இருளிலிருந்து மீட்டது. எனினும், அது திரையிற் கண்ட முகத்தின்மீது வைத்த அன்பு. முகம் திரையை விட்டு நீங்கியபின், அம்முகத்துக்கு உரியவர் எவ்வாறு வாழ்கின்றார் என்று கேட்டு எழுதுவார் அரியரே.