எடை சரிதான்... இடுப்பு அளவு? நீரிழிவு உள்ளவர்களின் ரத்தக் குழாய் ஏன் விறைக்கிறது?

"பிஎம்ஐ 22தானே... எனக்கென்ன கவலை?"

இரண்டாம் வகை நீரிழிவு உள்ள சிலர் இப்படிச் சொல்வதுண்டு. சிங்கப்பூரில் பிஎம்ஐ 23ஐத் தொட்டால்தான் அபாயம் கூடத் தொடங்குவதாகக் கணக்கு. 27.5 என்றால் அபாயம் அதிகம்.

ஆனால் பிஎம்ஐ, எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு, அவ்வளவுதான். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

2004இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் ஒரு படம் வெளிவந்தது. இந்திய மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கின் இருவரும் அதில் இருந்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு!

நம்மில் பலருக்கு இது புதிதல்ல. கை, கால் ஒல்லி. தொப்பை மட்டும் தனியாகத் தெரியும்.

கொழுப்புக்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன தொடர்பு?

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் அதிகத் தொல்லை. அது அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்ய விடுவதில்லை.

கூடவே, ரத்தத்தில் அதிகமாக இருக்கும் சர்க்கரை, குழாய்ச் சுவரில் உள்ள புரத இழைகளில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பழைய ரப்பர் பேண்ட் இழுத்தால் நீளாதே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

விறைத்த குழாயில் நாடித் துடிப்பின் அலை வேகமாக ஓடும். கழுத்திலும் தொடையிலும் துடிப்பைப் பதிவுசெய்து அந்த வேகத்தைக் கணக்கிடுவார்கள். வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அந்தத் துடிப்பின் வேகம் தணியாமலேயே மூளை, சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் போய் மோதும். இதயமும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சோதனையை எல்லாருக்கும் செய்வதில்லை. ஆனால் வீட்டு ரத்த அழுத்தக் கருவியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வயதானவர்களிடம் அது 60ஐ எட்டினால், குழாய்கள் விறைத்திருக்கலாம். அடுத்தமுறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. எடை குறைந்தபோது அலையின் வேகமும் ஓரளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இடுப்பை எப்படி அளப்பது?

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக்கூடாது! ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

கால்சட்டை அளவைச் சொல்லிச் சமாளிக்க முடியாது. பலர் அதைத் தொப்பைக்குக் கீழேதானே போடுகிறோம்.