பசுமை வழியும் ஆல்பைனாவும்: ஒரு தெருவின் முன்கதை

அமெரிக்க நகரத் திட்டமிடுவோரின் ஆவணங்களில் 'கிரீன்வே' என்றொரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் பசுவழி என்று போட்டுவிடலாம். மாடு போகிற பாதை என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். பசுமை வழி என்றே வைத்துக்கொள்வோம். ஆற்றோரமாகவோ, கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேலோ, வாகனங்களுக்குச் சம்பந்தமில்லாமல் போடப்படும் நடைபாதையைத்தான் அந்தச் சொல் பொதுவாகக் குறித்துவந்தது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம் 2010 வாக்கில் அதைக் குடியிருப்புத் தெருக்களுக்குள் இழுத்து வந்தது. அதுவரை 'பைசிக்கிள் புலவார்ட்' என்று அழைக்கப்பட்டுவந்த தெருக்கள் 'குடியிருப்புப் பசுமை வழி'களாயின. பெயரிலிருந்து சைக்கிள் இறங்கிக்கொண்டது, பசுமை ஏறி உட்கார்ந்தது. பெயர் மாற்றங்களை லேசாக எடுத்துக்கொள்கிற பழக்கம் நமக்கு இல்லை என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். புதிதாகப் பாதை எதுவும் போடுவதில்லை. இருக்கிற தெருவையே வேறுவிதமாகப் பழக்குகிறார்கள். வேகத்தடைகள் போடுகிறார்கள். சில சந்திப்புகளில் கார் நேரே போக முடியாதபடி குறுக்கே தடுப்பு வைத்து, ஆளும் சைக்கிளும் மட்டும் நுழையுமளவு அதில் இடைவெளி விடுகிறார்கள். குறுக்குத் தெருவில் வருகிற வண்டிதான் நின்று போகவேண்டும் என்று 'நில்' பலகைகளைத் திருப்பி நடுகிறார்கள். தரையில் சைக்கிள் படம். சில இடங்களில், மழைத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடாமல் மண்ணில் இறங்குவதற்காகச் செடிகள் வைத்த குழிகள். 2011-இல் ஆரிகன் சட்டமன்றம் இம்மாதிரித் தெருக்களில் வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைக்க அனுமதித்தது. நாளொன்றுக்கு 1,000 கார்கள்தான் போகவேண்டும், 2,000-ஐத் தாண்டக்கூடாது என்று 2015-இல் நகராட்சி தனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. இதற்கெல்லாம் முன்னோடி கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ. அங்கே பிரயன்ட் தெருவை 1982-இலேயே இப்படி மாற்றியிருந்தார்கள்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். குழந்தை தெருவில் சைக்கிள் பழகலாம், கிழவர் பயமில்லாமல் தெருவைக் கடக்கலாம், பெரிய செலவும் இல்லை. எனக்கும் அதில் சண்டை ஏதுமில்லை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், சாலைப் பொறியியல் பற்றித் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. 'நடப்பவர்', 'சைக்கிளில் செல்பவர்' என்று அந்த ஆவணங்கள் பேசும் ஆள் யார், அவர் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வருகிறார் என்பது மட்டும்தான் என் கேள்வி. நகரத்தில் நடப்பதைப் பற்றி மிஷேல் த செர்த்தோ எழுதிய கட்டுரை நம் வட்டாரத்தில் நிறையப் பேசப்பட்டதுதான். நியூயார்க்கில் 110-ஆவது மாடியின் உயரத்திலிருந்து வரைபடம்போல் நகரத்தைப் பார்க்கும் கண்ணுக்கு எதிராக, கீழே நடப்பவரின் கால்களை அவர் நிறுத்தினார். அழகான எதிர்நிலைதான். ஆனால் அந்த நடப்பவருக்குத் தோல் நிறம் கிடையாது. 2020 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் அகமத் ஆர்பரி என்ற கறுப்பின இளைஞர் ஒரு குடியிருப்புத் தெருவில் ஓடிக்கொண்டிருந்ததற்காகவே வெள்ளையர்களால் துரத்திச் சுடப்பட்டார். அமைதியான, மரங்கள் நிறைந்த, கார்கள் குறைந்த தெருதான் அதுவும்.

தெரு என்பது எல்லோருக்கும் பொது என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது என்பதை நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. 1924-இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக. ஊர்த்தெரு வந்ததும் சேரிக்காரர் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற வழக்கமும் நமக்குத் தெரிந்ததே. போர்ட்லண்டின் கதை வேறு. அதை அதன் இடத்திலேயே வைத்துத்தான் படிக்கவேண்டும்.

2011-இல் அந்நகரின் வடக்குப் பகுதியில் வில்லியம்ஸ் அவென்யூ என்ற சாலையைச் சைக்கிளுக்கு ஏற்றபடி மாற்றியமைக்க நகராட்சி ஒரு திட்டத்தோடு வந்தது. நகரிலேயே சைக்கிள் அதிகம் போகிற வழிகளில் ஒன்று அது. கோடை நாளில் 3,000 பேர் வரை போனார்கள். ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தார்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். சில மாதங்களில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை கூட்டம் கூட்டமாக இழுத்துக்கொண்டே போனது. அங்கே வெகுகாலம் வாழ்ந்த கறுப்பினத்தவர்கள் எழுந்து கேட்டதன் சாரம் இதுதான்: இந்தத் தெரு ஆபத்தானது என்று நாங்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏன் யாரும் வரவில்லை? இப்போது யாருடைய பாதுகாப்புக்காக வருகிறீர்கள்? சைக்கிள் இயக்கத்தவர் பலருக்கு இது புரியவில்லை. பாதுகாப்பு யாருக்கென்றாலும் பாதுகாப்புதானே என்றார்கள். இந்த 'தானே'வுக்குள் ஒரு நூற்றாண்டு மறைந்துகிடக்கிறது.

ஆரிகனில் தற்காலிக அரசு இருந்த காலத்திலேயே, 1844-இல், கறுப்பர்கள் அங்கே வசிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1859-இல் அது மாநிலமானபோது அதே தடை அரசியல் சாசனத்தில் இருந்தது. தடை நீக்கப்பட்டது 1926-இல். சாசனத்தில் எஞ்சியிருந்த இனவாதச் சொற்களை முழுக்கத் துடைத்தெறிய 2002 ஆயிற்று. இடையில், 1919-இல், போர்ட்லண்டின் வீடு விற்பனைத் தரகர்கள் சங்கம் வெள்ளையர் பகுதிகளில் கறுப்பருக்கோ ஆசியருக்கோ வீடு விற்பது தொழில் நெறிக்கு விரோதம் என்று விதி எழுதிக்கொண்டது. நெறி என்ற சொல்லுக்குத்தான் எத்தனை உபயோகம்!

இரண்டாம் உலகப்போரில் கப்பல் கட்டக் கைகள் தேவைப்பட்டன. சுமார் 2,000 பேராக இருந்த கறுப்பின மக்கள்தொகை 20,000-ஐத் தாண்டியது. கொலம்பியா ஆற்றங்கரையில், கரைகளால் காக்கப்பட்ட தாழ்நிலத்தில், வான்போர்ட் என்ற குடியிருப்பை அவசர அவசரமாக எழுப்பினார்கள். போருக்குப் பிறகும் 18,000-க்கு மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பர்கள். 1948 மே 30 காலை, கரை பத்திரமாக இருக்கிறது, பதற்றப்படவேண்டாம், வெளியேற நேரம் இருக்கும் என்று அதிகாரிகள் வீடு வீடாகச் சீட்டுக் கொடுத்தார்கள். பிற்பகல் கரை உடைந்தது. மாலைக்குள் ஊர் இல்லை. இறந்தவர்கள் 15 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு.

பிழைத்த கறுப்பினத்தவர்கள் போகக்கூடிய இடமாக இருந்தது ஆல்பைனா, வில்லியம்ஸ் அவென்யூ ஓடுகிற பகுதி. 1960-இல் போர்ட்லண்டின் ஐந்து கறுப்பர்களில் நால்வர் அங்கேதான் வாழ்ந்தார்கள். ஜாஸ் விடுதிகள், தேவாலயங்கள், முடிதிருத்தகங்கள், கடைகள் என்று தெரு நடையால் நிறைந்திருந்தது. பசுமை வழிகளின் வரைபடத்தில் திட்டமிடுவோர் கனவாக வரைகிற அத்தனையும், யாரும் திட்டமிடாமலேயே, ஒதுக்கப்பட்டவர்கள் ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்ததால் அங்கே இருந்தது. இதைச் சொல்லும்போது கவனம் தேவை. ஒதுக்குதலை ரொமான்டிக்காக ஆக்கிவிடக்கூடாது.

பிறகு இடிப்பு. 1956-இல் வாக்கெடுப்பு நடத்தி, 476 வீடுகளை இடித்து, 1960-இல் மெமோரியல் கொலீசியம் என்ற விளையாட்டரங்கைத் திறந்தார்கள். அந்த வீடுகளில் பாதி கறுப்பர்களுடையவை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஐ-5 நெடுஞ்சாலை ஆல்பைனாவைக் கிழித்துக்கொண்டு போனது. இங்கேதான் ஓர் ஒப்பீடு கண்ணில் உறுத்துகிறது. நகரின் தென்கிழக்கில் மவுன்ட் ஹூட் நெடுஞ்சாலை என்று இன்னொன்றும் வரவிருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். எதிர்ப்பு எழுந்தது, 1974-இல் நகரசபை அதைக் கைவிட்டது. அதற்கான பணத்தின் ஒரு பகுதி பின்னால் ரயிலுக்குப் போனது. அந்த நெடுஞ்சாலை விழுங்கியிருக்கக்கூடிய வட்டாரத்தில் ஓடும் கிளின்டன் தெரு இன்று போர்ட்லண்டின் பழம்பெரும் பசுமை வழிகளில் ஒன்று. காரை எதிர்த்த நகரம், ஜனநாயகம் வென்ற நகரம் என்று போர்ட்லண்ட் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருங்கதையாடல் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அது பொய்யில்லை. ஐ-5 அந்தக் கதையில் வராது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இமானுவேல் மருத்துவமனையை விரிவாக்க வில்லியம்ஸ்-ரஸல் சந்திப்பைச் சுற்றி ஏறக்குறைய 300 வீடுகளும் கடைகளும் தரைமட்டமாயின. இடித்து முடித்த சமயம் பார்த்து மத்திய அரசின் பணம் நின்றுபோனது. கட்டடம் எழவில்லை. நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் புல் முளைத்துச் சும்மா கிடந்தது. இதையும் ஒருவிதப் பசுமை என்று சொல்லலாம்.

எஞ்சியவர்களை வறுமை தானாகவே அரித்தது என்று நினைத்துவிடக்கூடாது. கேரன் கிப்சன் 2007-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ஆல்பைனாவின் ரத்தப்போக்கு' என்ற பொருளில் வருவது. ரத்தம் தானாகப் போகவில்லை, அறுத்தார்கள் என்பதே அவர் வாதம். 1987-ஆம் வருடம் முழுக்க ஆல்பைனாவின் மையப் பகுதியில் போர்ட்லண்டின் அத்தனை வங்கிகளும் சேர்ந்து கொடுத்த வீட்டுக்கடன் பத்தே பத்து. இந்தக் கணக்கை 'ஆரிகோனியன்' நாளிதழ் 1990-இல் வெளிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் கடன் வந்தது, முதலீடு வந்தது, மலிவாக வீடு தேடிய இளம் வெள்ளையர்கள் வந்தார்கள், அவர்களோடு சைக்கிளும் வந்தது. 2000-க்கும் 2010-க்கும் இடையில் நகரின் உட்பகுதியிலிருந்து வெளியேறிய வெள்ளையரல்லாதோர் ஏறக்குறைய 10,000 பேர், பெரும்பாலும் கறுப்பர்கள்.

ஆக, சைக்கிள் அவர்களை விரட்டவில்லை. இந்த வரிசையைக் கவனித்தால் அது கடைசியாக வந்து சேர்ந்த பொருள். விரட்டியது தரகர் விதி, புல்டோசர், வங்கிப் பேரேடு, பிறகு வாடகை. 2010 பிப்ரவரியில் 2030-க்குள் நகரப் பயணங்களில் 25 சதவீதம் சைக்கிளில் நடக்கவேண்டும் என்று நகரசபை திட்டம் நிறைவேற்றியபோது, ஆல்பைனாவில் பாதுகாப்பைப் பெற்றுக்கொள்ளவேண்டியவர்கள் பலர் அங்கே இல்லை. 2011 கூட்டங்களில் எழுந்த கோபத்தைச் சைக்கிள் மீதான வெறுப்பாக வாசித்தவர்கள் செய்த தவறு இந்தக் காலவரிசையைப் பார்க்காததுதான்.

கூட்டங்களுக்குப் பலன் இல்லாமல் இல்லை. குழு விரிவாக்கப்பட்டது. வில்லியம்ஸின் வரலாற்றை மதிப்பது என்ற ஒரு பகுதி திட்டத்தில் சேர்ந்தது. 2014-இல் சைக்கிளுக்கான தடம் சாலையின் இடப்பக்கத்துக்கு மாறியது, பேருந்தும் சைக்கிளும் உரசிக்கொள்வது நின்றது. வேகமாகப் போக விரும்பாதவர்களுக்காகப் பக்கத்திலிருந்த ராட்னி அவென்யூ என்ற குடியிருப்புத் தெரு பசுமை வழியாக்கப்பட்டது. சாலையோரத்தில் பழைய ஆல்பைனாவின் கதைகளையும் படங்களையும் தாங்கிய பலகைகள் நிற்கின்றன. பலகைகளை நான் கேலி செய்யவில்லை. நினைவு பொதுவெளிக்கு வருவது ஒரு வெற்றிதான். ஆனால் போனவர்களின் இடத்தில் அவர்களைப் பற்றிய பலகை நிற்பதை அங்கு வாழ்ந்த ஒரு குடும்பம் எப்படி வாசிக்கும் என்று யோசித்துப்பார்க்கவேண்டும்.

தடுப்பு வைத்துத் திருப்பிய கார் எங்கே போகிறது என்ற சின்னக் கேள்வியையும் கேட்டுவைக்கலாம். பக்கத்துப் பெரிய சாலைக்குத்தான். அடுக்குமாடி வாடகை வீடுகள் அதிகமும் பெரிய சாலைகளை ஒட்டி இருக்கின்றன. தனி வீட்டுக்காரரின் தெருவிலிருந்து விலக்கப்பட்ட புகையும் சத்தமும் வாடகைக்காரரின் சன்னலுக்குப் போகிறது. ஒவ்வொரு தடுப்பிலும் இது நடந்தே தீரும் என்று சொல்லமாட்டேன். அளந்து பார்த்தே சொல்லவேண்டிய விஷயம். யாருடைய தெருவைக் 'குடியிருப்பு' என்றும் யாருடையதை 'போக்குவரத்துச் சாலை' என்றும் வரைபடம் வகைப்படுத்துகிறது என்பதில் வர்க்கம் இருக்கிறது என்பதற்கு மட்டும் அளவுகோல் தேவையில்லை.

பசுமை வழியை நீட்டுவது என்ற விவகாரம் உண்மையில் சூடாவது கிழக்குப் போர்ட்லண்டில். ஆல்பைனாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் பலர் போய்ச் சேர்ந்த இடம் அது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நகரத்தோடு இணைக்கப்பட்ட அந்தப் பகுதியில் பல தெருக்களுக்கு நடைமேடை கிடையாது, சில தெருக்களுக்குத் தார்கூடக் கிடையாது. அகலமான, வண்டிகள் பறக்கிற சாலைகளில் ஆட்கள் அடிபட்டுச் சாவது அங்கேதான் அதிகம். 2012-இல்தான் 'கிழக்குப் போர்ட்லண்ட் இன் மோஷன்' என்ற திட்டத்தை நகரசபை ஏற்றது. பசுமை வழி அதில் இருந்தது. அங்குள்ளவர்கள் கேட்டதில் பெரும்பகுதி எளிமையான சமாச்சாரம்: நடைமேடை வேண்டும், பேருந்து நிறுத்தத்துக்குச் சாலையைக் கடக்க விளக்கு வேண்டும். ஓக்லண்டில் 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் 74 மைல் தெருக்களை நடப்பவர்களுக்குத் திறப்பதாக நகராட்சி அறிவித்தபோதும், அந்நகரின் கிழக்கே வாழ்ந்தவர்கள் இதே மாதிரி பதில்தான் சொன்னார்கள். தெருவில் உலவ எங்களுக்கு நேரமில்லை, மளிகைக்கடைக்கும் மருத்துவமனைக்கும் உயிரோடு போய்வர வழி செய்யுங்கள் என்று. அங்கே நகராட்சி அதைக் கேட்டு, அந்த இடங்களை ஒட்டிய சாலைக் கடப்புகளைச் சரிசெய்யும் வேலையைச் சேர்த்துக்கொண்டது.

போர்ட்லண்டில் ஆல்பைனாவுக்குத் திரும்பும் உரிமையைப் பற்றிய பேச்சும் நடந்தது. 2014-இல் ஒரு பெரிய மளிகை நிறுவனத்துக்கு நகராட்சி நிலத்தைத் தாரைவார்க்கப் பார்த்தபோது எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு வீட்டு வசதிக்கு 2 கோடி டாலர் ஒதுக்குவதாக மேயர் அறிவித்தார். பாட்டன், தாயின் பழைய முகவரியைக் காட்டி வீட்டுக்கு முன்னுரிமை கோரலாம் என்ற ஏற்பாடு வந்தது. நகராட்சி பறித்த சொத்தின் வாரிசு என்றால் முன்னுரிமை இன்னும் கூடும். இமானுவேல் மருத்துவமனைக்காக வீடிழந்தவர்களின் வாரிசுகள் 26 பேர் 2022-இல் நகராட்சி மீது வழக்குப் போட்டார்கள். 2025 ஜூனில் நகரசபை 85 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. முதலில் பேசியது 20 லட்சம்தான். வாரிசுகள் சபையில் வந்து பேசியதைக் கேட்ட பிறகு உறுப்பினர்கள் தொகையை உயர்த்தினார்கள்.

கிழக்கே போடப்பட்ட பசுமை வழி ஒன்றுக்கு '4எம்' என்று பெயர். மில், மார்க்கெட், மில்மெயின், மெயின் என்ற நான்கு தெருக்களின் முதலெழுத்து. நேராகப் போகும் ஒரு குடியிருப்புத் தெரு அங்கே கிடைக்காததால், துண்டு துண்டாகக் கிடந்த நான்கையும் ஒட்டுப்போட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறி போட்டு, நகரத்தின் கிழக்கு எல்லை வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.