தாளில் தைக்கும் மசூலா

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உருவாகும் கார்களில் பல சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராசர் துறைமுகத்திலும் கப்பலேறுகின்றன. வண்டி தன் சக்கரத்திலேயே ஓடிக் கப்பலுக்குள் போய் நிற்கிறது. இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இதே சென்னை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் துறைமுகமே இல்லாத வணிகப் பட்டினமாக இருந்தது என்பது எளிதில் மனத்தில் பதியாது. 1861இல் இரும்புத் தூண்கள்மேல் கடலுக்குள் ஒரு பாலம் நீண்டது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகத்தின் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்துப் போட்டது. அதுவரையிலும், அதன் பிறகு சில காலமும், கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். துணிப்பொதி, குதிரை, கவர்னர் எதுவானாலும் உடையலையைத் தாண்டிக் கரைசேர்த்தது மசூலாப் படகு. புதுச்சேரிப் பக்கம் அதன் இனத்தைச் சலங்கு என்றார்கள். அந்தப் படகு இன்று நம் கரையில் இல்லை. அதன் கட்டுமான அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க மிகப் பொருத்தமான கருவி வெட்டி ஒட்டும் சிறு தாள் மாதிரித் தொகுப்பே என்பதும், அதை உருவாக்கும் தகுதி ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் படகைப் பார்ப்போம். மசூலாவுக்கு வங்குகள், அதாவது உள்விலாச் சட்டங்கள், கிடையா. சொல்லிக்கொள்ளும்படியான ஏராவும், அதாவது நடு அடிக்கட்டையும், கிடையாது. தட்டையான அடிப்பலகை, அதன்மேல் உயர்ந்து நிற்கும் பக்கப் பலகைகள். பலகையோடு பலகையை இணைத்தது ஆணியன்று, தேங்காய்நார்க் கயிறு. விளிம்போரம் துளையிட்டு, பொருத்துவாயின்மேல் நார்த்திரி வைத்து, அதை அழுத்திப் பிடிக்கும்படி தைத்தார்கள். திருகோணமலையில் கப்பற்கட்டுமான அதிகாரியாக இருந்த ஜான் எடை 1830களில் எழுதிய விவரிப்பின்படி, அது சுமார் 30 முதல் 35 அடி நீளமும் 10 அடிக்கு மேற்பட்ட அகலமும் கொண்டது. நடுவில் குறுக்குச் சட்டங்கள், பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்பு, பின்முனையான கடையாலில் திசைதிருப்பும் நீண்ட துடுப்பு. ஆணியடித்த ஐரோப்பியப் படகு சென்னைக் கரை மணலில் மோதினால் அதன் விறைப்பே அதற்கு எமனாகிவிடும். தைத்த படகோ அலை தூக்கிப் போடும்போது நெளிந்துகொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். தையல் தளர்ந்தால் பிரித்துப் புதுக் கயிற்றால் மறுபடி தைக்கலாம்.

இனித் தாள். ஒரு தாளை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம். கசங்காமல் பந்தாக்க முடியாது. 1827இல் காஸ் நிறுவிய தேற்றம் இதற்குக் கணிதக் காரணம் தருகிறது: நீட்டாமலும் சுருக்காமலும் வளைக்கப்படும் பரப்பு தன் உள்ளார்ந்த வளைவை மாற்றிக்கொள்ளாது. மரப்பலகைக்கும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடு உண்டு. பலகையை ஒரு திசையில் வளைக்கலாம், கொஞ்சம் முறுக்கலாம். கிண்ணம்போல் குழிக்க முடியாது. அப்படியென்றால் படகின் வயிறு எங்கிருந்து உருண்டது? பலகைகளின் விளிம்புகளிலிருந்து. தையற்காரர் துணியை வெட்டும் கோட்டிலேயே சட்டையின் தோள் அடங்கியிருப்பதுபோல, அடுத்தடுத்த இரு பலகைகளின் விளிம்புகளை எந்த வளைவில் செதுக்குகிறோம் என்பதில் படகின் உடல் அடங்கியிருக்கிறது. வங்கு நிறுத்திக் கட்டும் தச்சருக்கு எலும்புக்கூடு முன்கூட்டியே வடிவம் சொல்லிவிடும். மசூலாத் தச்சருக்கு அந்த உதவி இல்லை. விளிம்பின் கோட்டை அவர் கண்ணிலும் கையிலும் வைத்திருந்தார். தாள் மாதிரித் தொகுப்பு அச்சிட்டுத் தருவது துல்லியமாக இந்தக் கோட்டைத்தான். பக்கவாட்டில் வரைந்த ஓவியமும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் மர மாதிரியும் முடிந்த உருவத்தைக் காட்டும். வெட்டுத்தாள் உருவம் உண்டான வழியைக் காட்டும்.

எல்லாப் படகுக்கும் இது பொருந்தாது. அதை ஒப்புக்கொள்வது வாதத்துக்கு வலுவே சேர்க்கும். கட்டுமரம் உள்ளீடுள்ள மரத்துண்டுகளைச் செதுக்கிக் கட்டியது. அதைத் தாளில் செய்தால் வெற்றுக் குழாய்களின் கட்டு ஒன்று கிடைக்கும். தோற்றம் இருக்கும், பாடம் இருக்காது. தூத்துக்குடித் தோணி ஏராவும் வங்குகளும் உடையது; தாளில் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டகம் கோத்து, மேலே தோல் போர்த்தினால் அதன் முறைமை ஓரளவு வெளிப்படும். பலகையைத் தைத்து உருவாக்கிய மசூலாவில் மட்டுமே மாதிரியின் பொருளும் மூலத்தின் பொருளும் ஒரே விதிக்குக் கட்டுப்படுகின்றன. ஆகவே எந்தப் படகு அழகு என்று பார்க்காமல், எந்தப் படகின் கட்டுமுறையைத் தாள் உண்மையாகப் பேசும் என்று பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

அளவு விகிதமும் இந்த நோக்கத்திலிருந்தே பிறக்க வேண்டும். ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் தாள் கப்பல்கள் 1950களிலிருந்து 1:250 விகிதத்துக்குப் பெயர்பெற்றவை. பெருங்கப்பலுக்கு அது சரி. 35 அடி மசூலா அந்த விகிதத்தில் நான்கு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும், 0.3 மில்லிமீட்டர் அட்டை 75 மில்லிமீட்டர்ப் பலகையாகத் தடித்துவிடும். 1:50இல் படகு 21 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். பலகைகள் ஏ4 தாளில் அடங்கும். அதே அட்டை 15 மில்லிமீட்டர்ப் பலகைக்கு ஈடாகும், இரண்டடுக்காக ஒட்டினால் 30. ஒட்டுப்பட்டிகளைத் தவிர்த்து விளிம்புகளில் துளைப்புள்ளிகள் அச்சிட்டு, பருத்தி நூலால் தைக்கச் செய்யலாம். எந்தப் பலகை முதலில், எந்தப் பொருத்துவாய் கடைசியில் என்ற வரிசையைத் தொகுப்பே கட்டாயப்படுத்தும். வரிசை தவறினால் முன்முனையான அணியம் ஒன்றுசேராது. கை அதைக் கற்றுக்கொள்ளும்.

இத்தகைய முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஹெய்வே வெளியிட்ட மைக்ரோமாடல்ஸ், பொருள்தட்டுப்பாட்டுக்கு நடுவே அஞ்சலட்டை அளவிலான அட்டைகளில் கப்பலையும் கட்டடத்தையும் அடக்கியது. போலந்தின் ‘மவி மாடலாஷ்’ இதழ் 1957 முதல் மாணவர் கைக்குத் தாள் மாதிரிகளைக் கொண்டுசென்றது. தைப்பு முறையே நவீன உருவில் திரும்பியதும் உண்டு: 1962இல் வடிவமைக்கப்பட்ட மிரர் என்ற சிறு பாய்ப்படகில், தட்டையான ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக்கம்பியால் தைத்து, பிறகு பொருத்துவாய்களைப் பிசினால் அடைத்தார்கள். நம் நாட்டிலேயே, அஜந்தா ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு தைத்துக் கட்டப்பட்ட ‘கவுண்டின்யா’ கப்பல் 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் நீரியல் நடத்தையைச் சிறு மாதிரி கொண்டு சோதிக்க உதவியது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை. எழுத்தோ வரைபடமோ இல்லாத மரபை மீட்கும்போது, மாதிரி ஆராய்ச்சியின் உறுப்பாகிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கும் காலத்தில் கத்தரிக்கோல் எதற்கு என்று கேட்கலாம். அச்சுப்பொறி உருவத்தை அடுக்கடுக்காக வளர்க்கிறது. பலகை, விளிம்பு, தையல் என்ற பகுப்பு அதற்குத் தேவையே இல்லை. உருவம் துல்லியமாக வரும். செய்தவர் கைக்குப் படகுகட்டும் பாடம் வராது. தாள் மக்கிப்போகுமே என்பது இரண்டாவது தடை. மக்குவது கட்டிய மாதிரி. அச்சுத்தகடோ கோப்போ நிலைக்கும், வேண்டும்போதெல்லாம் புதிதாகக் கட்டலாம். நார்க்கயிறு நைந்தால் மறுபடி தைத்த மசூலாவும் புதுப்பித்தலால்தான் நிலைத்தது. மூன்றாவது தடை கனமானது: தாளில் எடை இல்லை, அலை இல்லை, துடுப்பு வலித்தவரின் உழைப்பு இல்லை, உயிர்பணயம் வைத்த தொழில் மேசை அலங்காரமாகிவிடாதா? ஆகிவிடக்கூடும். அதனால்தான் தொகுப்போடு வரும் கையேடு, படகைக் கட்டியும் ஓட்டியும் வாழ்ந்த கடலோர மக்களின் சொற்களையும் வேலைமுறையையும் சொல்ல வேண்டும். மீனவ ஊர்ப் பெரியவர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரிஸ் 1840களில் வெளியிட்ட வரைபடங்களும், சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட ஆய்வும் அடிப்படை ஆகலாம். ஆனால் அளந்து எழுதியது எது, தொகுப்பாளர் ஊகித்து நிரப்பியது எது என்பதை வெட்டுத்தாளிலேயே வேறு வேறு கோடுகளால் காட்டுவது நேர்மை.

கடைசித் தடை இடத்தைப் பற்றியது: கடலில்லாத ஒரகடத்துக்கும் படகுக்கும் என்ன உறவு? இந்த வட்டாரத்தின் அன்றாட வேலையே தட்டையான தகட்டிலிருந்து உருவம் எடுப்பது. பிரஸ் ஷாப்பில் டை அழுத்தும்போது எஃகு நீண்டு இருதிசை வளைவு பெறுகிறது. தாளுக்கு அது எட்டாது. ஆனால் காற்றுக்குழாய், கொட்டுகலம், உதிரிபாகம் அடைக்கும் அட்டைப்பெட்டி ஆகிய எல்லாம் வெட்டி, மடித்து, வளைத்து ஆனவை. ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் பிரிவு படித்தவரும், பொறியியல் முதலாண்டில் பரப்பு விரிப்பு வரைந்தவரும், பெட்டிக்கு வெட்டுவடிவம் போடுபவரும் இங்கே அடுத்தடுத்த வளாகங்களில் வேலை செய்கிறார்கள். மசூலாவின் விளிம்புக்கோட்டை மீட்கத் தேவையான பயிற்சி இதுவே. கடற்கரை அருங்காட்சியகம் ஒன்றுக்கு இவ்வளவு பேர் கிடைப்பது அரிது. பதிலுக்கு வட்டாரத்துக்கும் லாபம் உண்டு. கணினி தானே விரித்துத் தரும் வடிவத்தை ஏன் என்று கேட்காமல் ஏற்கும் இளம் தொழிலாளிக்கு, விளிம்பு எப்படி உடலாகிறது என்பதை அரை மணி நேரத்தில் விரல்நுனியில் உணர்த்தும் பாடநூல் இந்தத் தாள் தொகுப்பு. வட்டாரத் தொழிலின் வளர்ச்சியைக் கொண்டாடும் வேளையில், தொழிற்பயிற்சி நிலையங்களும் பள்ளிகளும் மீனவ ஊர்களும் சேர்ந்து முதல் வெட்டுத்தாளை உருவாக்கலாம். அட்டை, நூல், கத்தரிக்கோல் என்று செலவு சிறிது. தைத்த படகைக் கட்டிய கைகளையும் தகட்டை வளைக்கும் கைகளையும் ஒரே பொறியியல் மரபின் உறுப்பினர்களாகக் காணும் தெளிவு அதனால் வருமென்றால், ஆதாயம் பெரிது.